ஆளற்ற சமவெளி: சஃபாரி எழுத்துக்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

பிரயாண இலக்கியம் என்பது ஒருவர் சென்று கண்ட இடத்தை எழுத்தில் வடிப்பது என்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. ஆயின், காணச் செல்வதற்கு முன்னரே உள்ளத்தில் அமைந்துவிட்ட ஓர் இடத்தையே அது பல வேளைகளில் வடித்துத் தருகின்றது. அத்தகைய எழுத்துப் பலரால் வாசிக்கப்பட்டு, பின்னர் திரைப்படமாகவும் விளம்பரமாகவும் பரவுமிடத்து, வாசித்தவர் சென்று காண்பதும் அந்த எழுத்தையேயன்றி நிலத்தையன்று. கிழக்காபிரிக்கச் சவன்னாப் புல்வெளியும் அங்கு மேற்கொள்ளப்படும் 'சஃபாரி'யும் இதற்குத் தக்க சான்றாகும்.

சஃபாரி என்பது பயணம் எனப் பொருள்படும் சுவாகிலிச் சொல். அரபு மொழியிலிருந்து சுவாகிலியில் வந்து வழங்குவது. வணிகர் செல்வதும், உறவினர் வீட்டுக்குச் செல்வதும், தொழில் தேடிச் செல்வதும் சுவாகிலியில் சஃபாரியே. ஐரோப்பிய மொழிகளுட் புகுந்தபின் அச்சொல்லின் பொருள் சுருங்கிற்று. வெளியிலிருந்து வருபவர் விலங்குகளை நாடிச் செல்வது மட்டுமே சஃபாரி எனலாயிற்று. உள்ளூர் மக்களின் பயணங்கள் யாவும் அச்சொல்லை விட்டு நீங்கின. சொல்லுக்கு நேர்ந்த இக்கதி பின்னர் நிலத்துக்கும் நேர்ந்தது.

தன்சானியாவிலுள்ள செரெங்கெற்றியைக் கண்ணாற் காணாதோருக்கும் அதன் தோற்றம் தெரியும். குடை விரித்தாற்போன்ற வேலமரம், செங்கதிர், புல்லிடையே சிங்கம், தொடுவானம் வரை நீளும் விலங்கு நிரை - இவற்றைக் கொண்ட ஓவியம் அது. அவ்வோவியத்தில் மனிதர் இல்லை. இவ்வின்மையை இயற்கையின் இயல்பு என வாசகர் ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால், அது இயற்கையாக அமைந்ததன்று. எழுத்தினால் முதலில் ஆக்கப்பட்டு, சட்டத்தினால் பின்னர் நிலைநாட்டப்பட்டது. சஃபாரி எழுத்துக்களுள் முக்கியமான சிலவற்றை அவை எழுந்த காலப் பின்னணியில் வைத்து நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகும்.

வேட்டையாளரின் ஏடு

ஆபிரிக்க வேட்டை இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவர் தம் கைவரிசையை முதலிற் பழகிய இடம் இலங்கை என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. நுவரெலியாவில் ஆங்கிலக் குடியேற்றமொன்றை நிறுவ முயன்ற சாமுவேல் பேக்கர், இலங்கையில் யானையும் மரையும் வேட்டையாடிய அநுபவங்களை 1850களில் இரு நூல்களாக வெளியிட்டார். பின்னர் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று, 1864 இல் அல்பேட் ஏரியைக் கண்டு, அப்பயணம் பற்றி 1866 இல் எழுதினார். இலங்கைக் காட்டில் உருவான எழுத்து முறை அவ்வாறே ஆபிரிக்காவுக்குப் பெயர்ந்தது. வேட்டையாடுபவனே அம்முறையின் நாயகன். விலங்கு அவனுக்கு நிகரான எதிரி. தடம் காட்டுவோரும் சுமை தூக்குவோரும் பின்னணி. குடியேற்றவாட்சி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுசென்ற பொருள்களுள் இலக்கிய உருவமும் ஒன்றாகும்.

இவ்வுருவத்தை உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த தியடோர் ரூஸ்வெல்ற். பதவி நீங்கிய சில வாரங்களில், 1909 இல், அவர் தம் மகன் கேர்மிற்றுடன் மொம்பாசாவில் இறங்கினார். ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு மாதிரிகள் சேகரிப்பது பயணத்தின் நோக்கமெனக் கூறப்பட்டது. தந்தையும் மகனும் சுட்ட விலங்குகள் 512 என 1910 இல் வெளிவந்த அவரது நூலிலேயே கணக்குத் தரப்பட்டுள்ளது. அந்நூலின் முதல் அத்தியாயத் தலைப்பு, புகையிரதப் பயணத்தைப் பிளைஸ்தொசீன் காலத்தின் ஊடான பயணமாக வருணிக்கின்றது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்த விலங்கையும் மனிதனையும் ஆபிரிக்காவில் இன்றும் காணலாம் என்பதே அவர் கருத்து. இங்கு மனிதர் முற்றாக மறைக்கப்படவில்லை. ஆனால், காலத்திலிருந்து அகற்றப்பட்டுள்ளனர். வரலாறு இல்லாதவர் விலங்கோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுகின்றனர்.

ரூஸ்வெல்ற் ஏறிச்சென்ற புகையிரதப் பாதையே இக்கூற்றுக்கு மறுப்பாகும். 1896 இல் தொடங்கி 1901 இல் விக்டோரியா ஏரியை அடைந்த அப்பாதையை, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் அமைத்தனர். அவர்களுள் ஏறத்தாழ 2,500 பேர் இறந்தனர். பிளைஸ்தொசீன் காலத்தைக் காணச் செல்லும் பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாளித்துவத்தின் படைப்பாயிருந்தது என்பதை நூல் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

அதனினும் முக்கியமானது வேறொன்று. ஆபிரிக்காவின் வடகிழக்குக் கரையிலே கால்நடைகளுடன் வந்திறங்கிய ரின்டர்பெஸ்ற் எனும் மாட்டுக் கொள்ளைநோய் 1890 ஆம் ஆண்டளவில் மசாய் நிலத்தை அடைந்தது. மந்தைகளிற் பெரும்பகுதி சில மாதங்களில் மடிந்தது. மாட்டையே நம்பி வாழ்ந்த மக்கள் பஞ்சத்துக்கும் பெரியம்மைக்கும் இரையாயினர். 1892 இல் கொரொங்கோரோ எரிமலைக் குழியைக் கண்ட ஒஸ்திரியப் பிரயாணி ஒஸ்கார் பௌமன், எலும்புந்தோலுமாய் உணவு தேடியலைந்த மசாய் மக்களைப் பதிவு செய்துள்ளார். மாடும் மனிதரும் குறைந்த இடங்களிலே பற்றைக் காடு வளர்ந்தது. அதனுடன் செற்சி ஈயும் உறக்க நோயும் பரவின. எனவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே துப்பாக்கியுடன் வந்தவர்கள் கண்ட வெறுமை ஆதிகால வெறுமையன்று. அது அவர்கள் வருவதற்கு இருபதாண்டு முன்னர் நிகழ்ந்த பேரழிவின் எச்சம். அழிவின் மறுநாட் காட்சியைப் படைப்பின் முதல்நாட் காட்சியாக எழுதியமையே இவ்விலக்கியத்தின் மூலத் தவறாகும்.

கலைச்சிறப்பும் அதன் எல்லையும்

ரூஸ்வெல்ற்றின் நூலை ஓர் அரசியல்வாதியின் வேட்டைக் குறிப்பு என ஒதுக்கிவிடலாம். ஹெமிங்வேயையும் கரன் பிளிக்சனையும் அவ்வாறு ஒதுக்கவியலாது. இருவரும் கலைஞர்கள். அதனாலேயே அவர்களிடத்து இக்கருத்துநிலை எவ்வாறு தொழிற்படுகின்றது என்பது நுணுகி நோக்கற்குரியது.

ஹெமிங்வே 1933 டிசம்பரிலிருந்து அடுத்த ஆண்டுத் தொடக்கம்வரை தங்கனிக்காவில் வேட்டையாடினார். அவ்வநுபவமே 'ஆபிரிக்காவின் பசுங்குன்றுகள்' எனப் பொருள்படும் தலைப்புடன் 1935 இல் நூலாயிற்று. கற்பனை எதுவும் கலவாது, ஒரு நாட்டின் வடிவையும் ஒரு மாதச் செயலையும் எழுதினால் அது புனைகதைக்கு ஈடாகுமா எனப் பரிசோதிப்பதே தம் நோக்கமென அவர் முன்னுரையிற் கூறுகின்றார். குன்றின் சரிவு, புல்லின் நிறம், காலடித் தடம் ஆகியவற்றை எழுதுவதில் அவர் அடைந்த வெற்றி மறுக்கற்பாலதன்று. தம் பொறாமையையும் குறி தவறியமையையும் மறையாது எழுதும் நேர்மையும் அவரிடமுண்டு. வெளிநாட்டார் வந்தபின் ஒரு கண்டம் விரைவில் முதுமையடைகின்றது என்ற குற்றவுணர்வுகூட அந்நூலில் தலைகாட்டுகின்றது.

ஆயினும், அவருடன் நடந்த ஆபிரிக்கர்களின் பெயர்களை நோக்குதல் வேண்டும். துப்பாக்கி சுமந்து வந்த ம்கோலா ஒருவரே ஓரளவு முழுமையான பாத்திரமாகின்றார். தடம் காட்டுவோருள் ஒருவருக்கு 'ட்றூப்பி' என்றொரு கேலிப்பெயர். நடிப்பு மிகுந்தவராகத் தோன்றிய இன்னொருவருக்குப் பழைய ஆங்கில நடிகரின் நினைவாக 'கரிக்' என்ற பெயர். அவர்கள் தம் வீட்டில் என்ன பெயரால் அழைக்கப்பட்டனர், எந்நிலத்தை உழுதனர், அக்குன்றுகளை எப்பெயரால் வழங்கினர் என்பனவற்றை நூல் வினவுவதில்லை. கொம்பின் நீளத்தை அங்குலக் கணக்கில் அளக்கும் துல்லியம் மனிதரின் பெயரைக் கேட்குமளவுக்கு விரியவில்லை. முழு உண்மையை எழுதும் பரிசோதனை எந்த இடத்திற் பிழைத்தது என்பதற்கு இதுவே விடை.

டென்மார்க்கைச் சேர்ந்த கரன் பிளிக்சன் 1914 முதல் 1931 வரை நைரோபிக்கு அருகே ங்கொங் குன்றுகளின் அடியிலே கோப்பித் தோட்டமொன்றை நடத்தினார். 1937 இல் வெளிவந்த அவரது நினைவுநூல், 1985 இல் ஹொலிவூட் திரைப்படமாகி ஒஸ்கார் பரிசும் பெற்று, சஃபாரி ஆசையை உலகெங்கும் விதைத்தது. ஹெமிங்வேயிடம் இல்லாத வரலாற்றுணர்வு பிளிக்சனிடம் இடையிடையே மின்னுகின்றது. தம் தோட்டத்திற் 'குந்தியிருப்போர்' எனச் சட்டம் வழங்கிய கிக்கூயு மக்கள், உண்மையில் தம்மையே தங்கள் நிலத்தில் வந்து குந்திய ஒருவராகக் கருதியிருத்தல் கூடும் என அவர் எழுதுகின்றார். தோட்டம் விற்கப்பட்டபோது அம்மக்கள் சிதறாது ஒருங்கு வாழ நிலம் பெற்றுக்கொடுக்கவும் அவர் பாடுபட்டார்.

ஆனால், அந்நூலின் உருவ அமைப்பு வேறொன்றைக் கூறுகின்றது. முதற் பகுதியின் தலைப்பிலே இரு பெயர்கள் இணைந்துள்ளன: ஒன்று கமாந்தே என்ற கிக்கூயுச் சிறுவன், மற்றது லூலு என்ற மான்குட்டி. இருவரும் காட்டிலிருந்து வீட்டுக்கு வந்தோர். இருவரும் ஆசிரியையின் பரிவுக்குரியோர். நாட்டு விலங்குகளிடம் கற்றது நாட்டு மக்களோடு பழகுவதற்கு உதவிற்று என்றும் அவர் எழுதுகின்றார். அவர் பரிவு பொய்யன்று. ஆனால், அது சமமானவரிடத்துச் செலுத்தப்படும் பரிவுமன்று. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ பிளிக்சன் பற்றிய தம் கட்டுரைக்கு 'அவரது சமையற்காரன், அவரது நாய்' எனத் தலைப்பிட்டமை இக்காரணம் பற்றியே.

எண்ணிக்கையும் எல்லைக்கோடும்

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் துப்பாக்கியின் இடத்தைக் கமெரா கைப்பற்றத் தொடங்கியது. கென்யா 1977 இல் விலங்கு வேட்டையை முற்றாகத் தடைசெய்தது. இம்மாற்றம் பெரிது. எனினும், பழைய மொழி அழியவில்லை. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகிய 'ஐம்பெரு விலங்கு'களைக் கண்டாக வேண்டுமென உல்லாசப் பிரயாணிகள் இன்றும் விரும்புகின்றனர். அப்பட்டியல் காலால் நடந்து வேட்டையாடுவதற்கு ஆபத்தான விலங்குகளென வேட்டையாளர் வகுத்தது. ஆங்கிலத்தில் சுடுவதற்கும் படமெடுப்பதற்கும் ஒரே வினைச்சொல் வழங்குகின்றது. தமிழிலும் படம் 'பிடிக்க'வே படுகின்றது.

இக்காலகட்டத்தின் தலைசிறந்த ஆவணம், பிராங்பேட் விலங்கினக்காட்சிச்சாலையின் பணிப்பாளர் பேர்ண்ஹார்ட் கிர்சிமெக்கும் அவர் மகன் மிக்கேலும் உருவாக்கிய 'செரெங்கெற்றி அழியலாகாது' என்ற நூலும் திரைப்படமும் ஆகும். இரண்டும் 1959 இல் வெளிவந்தன. செரெங்கெற்றி 1951 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டிருந்தது. அதன் கிழக்குப் பகுதியை மசாய் மக்களின் பாவனைக்கெனப் பிரித்துவிடப் பிரித்தானிய ஆட்சியாளர் திட்டமிட்டபோது, விலங்குகள் பருவந்தோறும் எங்கெங்கே செல்கின்றன என்று அறியத் தந்தையும் மகனும் முற்பட்டனர். வரிக்குதிரைபோற் கோடிட்ட சிறு விமானமொன்றில் பறந்து மந்தைகளை எண்ணினர். 1959 ஜனவரி 10 ஆம் திகதி, பறந்துகொண்டிருந்த கழுகொன்று மோதியதில் விமானம் வீழ்ந்து மிக்கேல் மாண்டார். கொரொங்கோரோவின் விளிம்பில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். 1987 இல் இறந்த தந்தையும் அவ்விடத்திலேயே அடங்கினார். திரைப்படம் ஒஸ்கார் பரிசு பெற்றது.

இம்முயற்சியின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. பெருமந்தைகளின் பருவப் பெயர்ச்சியை ஆய்வுப் பொருளாக்கியவர்கள் அவர்கள். வில்டபீஸ்ற் எனப்படும் மான்குலத்து விலங்குகள் மழையைத் தொடர்ந்து தென்கிழக்குக் குறும்புல் வெளிக்கு வருவதும், பெப்ரவரியளவில் அங்கு கன்றீனுவதும், பின்னர் மேற்கும் வடக்குமாகச் சென்று கோடையில் மாரா நதியைக் கடப்பதும் இன்று உலகறிந்த செய்திகள். 14,763 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அப்பூங்கா 1981 இல் உலக மரபுரிமைச் சொத்தாயிற்று. பூங்கா இல்லாதிருந்தால் அப்பெயர்ச்சி இன்றளவும் நிலைத்திருக்குமா என்பது ஐயத்துக்குரியதே.

ஆனால், விலங்கை எண்ணிய நூல் மனிதரை எவ்வாறு எண்ணிற்று? தேசியப் பூங்காவின் எல்லைக்குள் எவரும், அந்நாட்டு மக்களும்கூட, வாழலாகாது என்பது கிர்சிமெக்கின் உறுதியான கொள்கை. மாடு மேய்ப்பது நிலத்துக்குக் கேடு. விலங்கு மேய்வது இயற்கை. மேற்கு எல்லையிலுள்ள கிராமத்தவர் கம்பிக் கண்ணி வைத்தாற் களவேட்டை. அனுமதிப்பத்திரத்துடன் கடல் கடந்து வந்தவர் சுட்டால் அது விளையாட்டு. மேலிருந்து பார்க்கும் விமானப் பார்வை இக்கருத்துக்கு ஏற்ற கலைவடிவாக அமைந்தது. உயரத்திலிருந்து மந்தை அழகிய கோலமாகத் தோன்றுகின்றது. மாட்டுப்பட்டியோ புல்வெளியிலுள்ள ஒரு வடுவாகத் தோன்றுகின்றது. பட்டிக்குள் இருப்போரின் குரல் அவ்வுயரத்துக்கு எட்டுவதில்லை.

1958 இல் மசாய் முதியோர் சிலர் கைச்சாத்திட்ட உடன்படிக்கையின்படி அம்மக்கள் செரெங்கெற்றியை விட்டு நீங்கினர். 1959 இல் கொரொங்கோரோ தனிப் பிரதேசமாகப் பிரிக்கப்பட்டு, மசாய் மக்களும் விலங்குகளும் சேர்ந்து வாழ இடமென உறுதியளிக்கப்பட்டது. 1974 இல் குழியின் அடித்தளத்தில் வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அடுத்த ஆண்டு பயிர்ச்செய்கையும் தடுக்கப்பட்டது. ரூஸ்வெல்ற்றின் ஏட்டில் உவமையாயிருந்தது அரை நூற்றாண்டின் பின் எல்லைக்கோடாயிற்று.

அறிவியலின் பிற்கால முடிவுகள் இக்கொள்கையை ஐயுற வைக்கின்றன. 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சமாயிருந்த வில்டபீஸ்ற் தொகை 1970களின் பிற்பகுதியிற் பத்து இலட்சத்தைக் கடந்தது. இவ்வளர்ச்சிக்கு முதன்மையான காரணம், சுற்றியிருந்த மக்களின் மாடுகளுக்கு ஏற்றப்பட்ட தடுப்பூசியால் ரின்டர்பெஸ்ற் நோய் அடங்கியமையாகும். (2011 இல் அந்நோய் உலகினின்றும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.) 2018 இல் வெளியான ஆய்வொன்று, கென்யப் புல்வெளியில் வளமிக்க திட்டுகள் சில மூவாயிரம் ஆண்டு வரையான பழமையுள்ள மாட்டுப்பட்டிகளின் எருவினால் உண்டானவை என நிறுவிற்று. விலங்குகள் நாடிவரும் பசும்புல்லில் ஒரு பகுதி இடையரின் கொடை. மனிதர் தீண்டாத வெளி எனப்பட்டது, மனிதர் மேய்த்தும் எரித்தும் பேணியும் வந்த வெளியே.

கருப்பொருளிற் குறைந்தவை

தமிழ் இலக்கண மரபிற் பயின்றோருக்கு இவ்வெழுத்துக்களின் குறையை இனங்காணுதல் எளிது. தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருளை வகுக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பனவற்றை ஒரே நிரையில் வைக்கின்றது. விலங்கும் மரமும் எவ்வளவு நிலத்துக்குரியனவோ, பறையும் தொழிலும் அவ்வளவு நிலத்துக்குரியன. தமிழகத்துத் திணைப் பாகுபாட்டை ஆபிரிக்க நிலத்துக்குப் பொருத்துவது பொருந்தாது. ஆயினும், ஒரு நில வருணனையிடம் எவ்வினாக்களைத் தொடுக்க வேண்டுமென்பதற்கு அது அளவுகோலாகும். சஃபாரி எழுத்து அப்பட்டியலிலிருந்து விலங்கு, மரம், பறவை ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கின்றது. தெய்வமும் உணவும் தொழிலும் இசையும் விடப்படுகின்றன. விடப்பட்டவை யாவும் மனிதரைச் சார்ந்தவை என்பது தற்செயலன்று.

விடப்பட்டதால் இழந்ததென்ன என்பதற்கு ஒரு சான்று போதும். வில்டபீஸ்ற் கன்றீனும் காலத்தில் அவற்றின் கன்றுகளிடமிருந்து பரவும் ஒருவகைக் காய்ச்சல் மாடுகளைக் கொல்லும். ஆகையால், மசாய் இடையர் அப்பருவத்திலே குறும்புல் வெளியை விலங்குகளுக்கு விட்டுத் தம் மந்தைகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் செல்வர். ஒரே புல்லை இரு மந்தைகளும் முறைவைத்து உண்ணும் ஏற்பாடு அது. பூங்காச் சட்டம் வருவதற்கு முன்னரே அங்கு ஒழுங்கு இருந்தது. அவ்வொழுங்கைக் கூறும் ஒரு பந்திக்குச் சஃபாரி இலக்கியத்தின் பெரும்பாலான நூல்களில் இடம் கிடைக்கவில்லை.

மறுமொழி

இவ்வெழுத்துக்குரிய மறுமொழி ஆபிரிக்காவிலிருந்தே எழுந்தது. கூகி வா தியாங்கோவின் முதல் நாவலிலே (1964), ங்கோதோ என்ற முதியவர் தம் முன்னோரின் நிலத்திலேயே வெள்ளையருக்குக் கூலியாக உழைக்கின்றார். பிளிக்சன் ஒரு வாக்கியத்திற் கூறிக் கடந்த முரண்பாடு இங்கு ஒரு குடும்பத்தின் முழு வாழ்வாக விரிகின்றது. 1977 இல் வெளிவந்த 'இரத்த இதழ்கள்' நாவலிலே, வரட்சியால் வாடும் இல்மொறொக் கிராமத்தவர் தம் பிரதிநிதியைத் தேடித் தலைநகருக்கு நடந்து செல்கின்றனர். அந்த நெடும்பயணமும் சஃபாரியே. விலங்கைக் காண அன்று, நீதியைக் காண மேற்கொண்ட சஃபாரி. நாவலின் பிற்பகுதியில் அக்கிராமம் நெடுஞ்சாலையும் வடிசாலையும் உல்லாசப் பிரயாண நிலையமும் கொண்ட நகராகின்றது. பண்பாடு என்ற பெயரால் அங்கே விற்கப்படுவது மனித உடல் என்பதைக் கூகி ஒளிவுமறைவின்றிக் காட்டுகின்றார்.

இதே காலத்திலே தன்சானியாவில் இப்பிரச்சினை கோட்பாட்டுத் தளத்தில் எழுந்தது. அருஷாப் பிரகடனத்தின் (1967) பின், சோசலிசத்தை நாடும் நாடொன்று உல்லாசப் பிரயாணத்துறையை நம்பலாமா என 1970 இல் தாருஸ்ஸலாமில் இளைஞரிடையே விவாதம் மூண்டது. அவ்விவாதம் இஸ்ஸா ஷிவ்ஜியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1973 இல் நூலாயிற்று. அந்நியச் செலாவணி வேண்டும் என்போரும், பணிவிடை செய்யும் மனப்பான்மை வளரும் என்போரும் மோதிய அவ்வேடு, பல்கலைக்கழகச் சூழலொன்று தன் நாட்டின் வினாவைத் தானே எழுப்பியமைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

அங்கதத்தின் வழி இதனைச் சாதித்தவர் கென்ய எழுத்தாளர் பின்யவங்கா வைனைனா (1971-2019). ஆபிரிக்காவைப் பற்றி எழுதுவது எவ்வாறு என அறிவுரை கூறுவதுபோல் அமைந்த அவரது சிறு கட்டுரை 2005 இல் வெளியாயிற்று. விலங்குகளை உணர்வும் குடும்பமும் இலட்சியமும் உடைய பாத்திரங்களாகவும், மனிதரை அவ்வாழம் அற்றோராகவும் எழுதும் வழக்கம் அதில் எள்ளி நகையாடப்படுகின்றது. 'எல்சா' என்ற பெண்சிங்கத்தின் பெயர் 1960 இல் வெளிவந்த ஒரு நூலினாலும் பின்னர் வந்த திரைப்படத்தினாலும் உலகம் முழுதும் தெரிந்தது. அக்காலத்து ஆபிரிக்கச் சமையற்காரர், வழிகாட்டி எவருடைய பெயரும் அவ்வாறு தெரிந்ததில்லை என்பதை எண்ணுமிடத்து அவ்வங்கதம் மிகையன்று.

இவையெல்லாவற்றினும் தனித்து நிற்பது தெப்பிலித் ஒலே சைத்தொத்தி 1986 இல் வெளியிட்ட தன்வரலாறு. மசாய் இனத்தவராகிய அவர் பூங்காக் காவலராகப் பணியாற்றி, விவரணத் திரைப்படமொன்றிலும் தோன்றி, அமெரிக்காவிற் கற்றுத் திரும்பியவர். ஓவியத்துள் நிறுத்தப்பட்ட ஒருவர் ஓவியத்திலிருந்து இறங்கி வந்து பேசிய நூல் அது. காவலரின் சீருடையும் இடையரின் போர்வையும் ஒருவர் உடலிலேயே மாறிமாறி அமையும்போது, விலங்கா மனிதரா என்ற எளிய வினா பொருளற்றுப் போகின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். ஓவியத்தில் மனிதரைச் சேர்த்துவிட்டாற் குறை தீர்ந்துவிடாது. இன்றைய சஃபாரி விளம்பரங்களில் மசாய் இளைஞர் நிறையவே உள்ளனர். செம்போர்வையுடன் வேலூன்றி நிற்கின்றனர், துள்ளி ஆடுகின்றனர். ஆனால், அவர்களுக்கு அங்கு வாடகை இல்லை, வழக்கு இல்லை, பாடசாலை இல்லை, அரசியல் இல்லை. முன்பு இல்லாதிருந்தோர் இப்போது அலங்காரமாக உள்ளனர். காட்சியில் இடம் பெறுவது வேறு, வரலாற்றில் இடம் பெறுவது வேறு.

முடிவாக

இவ்வாராய்ச்சி பழைய நூல்களோடு முடிவதன்று. 2022 ஜூன் மாதத்தில், செரெங்கெற்றியின் கிழக்கு எல்லையிலுள்ள லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீற்றர் நிலத்துக்கு எல்லைக்கற்கள் நடப்பட்டபோது மோதல் மூண்டது. பொலிஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். மசாய் மக்கள் பலர் காயமுற்றனர். பலர் எல்லை கடந்து கென்யாவுக்குச் சென்றனர். அதே ஆண்டிலிருந்து, 1959 இல் வாக்களிக்கப்பட்ட கொரொங்கோரோவிலிருந்தும் குடும்பங்கள் தொலைவிலுள்ள ம்சொமேராவுக்கு இடம்பெயர்க்கப்பட்டன. அரசு இதனை விருப்பின்பேரிலான இடமாற்றம் என்றது. எதிர்த்தோர் வெளியேற்றம் என்றனர். இம்முறை ஆணையிட்டவர் குடியேற்றவாட்சியினர் அல்லர். சுதந்திர நாட்டின் அரசினர். மக்கள் தொகையும் மாட்டுத் தொகையும் பெருகியமை மெய்யான நெருக்கடியே. எனினும், அந்நெருக்கடிக்குத் தீர்வாக முதலில் மனத்தில் தோன்றுவது ஆளற்ற சமவெளி என்றால், அத்தீர்வை மனத்தில் ஊன்றியது எது என்று கேட்பது விமர்சகரின் கடமை.

செரெங்கெற்றிப் பூங்காவினுள்ளே மோரு என்னுமிடத்தில் பெரும் பாறைக்குன்றுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் சுவரிலே, மசாய் இளைஞர் செம்மையும் வெண்மையும் கருமையும் கொண்டு தீட்டிய கேடயங்கள் இன்றும் மங்காதுள்ளன. அருகே, தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறையொன்றும் உண்டு. வழிகாட்டிகள் ஜீப்பை நிறுத்தி உல்லாசப் பிரயாணிகளுக்கு இவற்றைக் காட்டுகின்றனர். அவர்களும் படம் பிடித்துக்கொண்டு அடுத்த சிங்கத்தைத் தேடிச் செல்கின்றனர். ஆளற்ற வெளி என்று ஏடுகள் கூறிய நிலத்தின் நடுவே, ஆள் இருந்தமைக்குக் கல்லில் எழுதிய சான்று அது. சஃபாரி இலக்கியத்தை வாசிப்போர் அந்தக் கேடயங்களையும் உடன்வைத்து வாசித்தல் வேண்டும். அவ்வாறு வாசிக்குமிடத்து, புல்வெளியின் அழகு குறைவுபடாது; அவ்வழகுக்கு யார் விலை கொடுத்தனர் என்பது மட்டும் தெரியவரும்.